கையில் கொடுக்கும் முதல் புத்தகம்

குழந்தைக்கு எழுத்துக் கூட்டத் தெரிந்துவிட்டால் வீட்டில் ஒரு சந்தோஷம் உண்டாகிறது. பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் படிக்கிறது, மளிகைக் கடைப் பலகையைப் படிக்கிறது, கல்யாணப் பத்திரிகையை எடுத்து வைத்துக்கொண்டு பாட்டனார் பெயரைப் படிக்கிறது. இனிமேல் கவலை விட்டது என்று பெற்றோர் இருந்துவிடுகிறார்கள். உண்மையில் கவலைப்பட வேண்டிய காலம் அப்போதுதான் ஆரம்பமாகிறது. எழுத்துத் தெரிந்தும் பிறகு ஒரு புத்தகத்தையும் தொடாமலே ஆயுளைக் கழித்தவர்கள் எத்தனை பேர்! எங்கள் கொங்கு நாட்டில் அப்படிப்பட்டவர்களை ஊருக்கு ஊர் பார்த்திருக்கிறேன். கெட்டிக்காரர்கள், கணக்கில் புலிகள், பருத்தியின் தரத்தை விரலால் தடவியே சொல்லிவிடுவார்கள். ஆனால் புத்தகம் என்றால் கொட்டாவி வரும். இது எப்படி நேர்ந்தது என்று யோசித்துப் பார்த்தால், பழைய கதை கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும்.

1822-ஆம் வருஷம் சென்னை ராஜதானியின் கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ, நாட்டில் பள்ளிக்கூடங்கள் எத்தனை இருக்கின்றன என்று கணக்கெடுத்து அனுப்பும்படி எல்லாக் கலெக்டர்களுக்கும் எழுதினார். அப்போது கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன்; உதகமண்டலத்தை உண்டாக்கினாரே, அவரேதான். ஈரோடு, தாராபுரம், கரூர் எல்லாம் சேர்ந்த அந்தப் பெரிய ஜில்லாவில் 763 பள்ளிக்கூடங்கள் இருப்பதாக அவர் கணக்குக் கொடுத்தார். எல்லாம் திண்ணைப் பள்ளிக்கூடங்கள். நாடு முழுவதும் எழுத்து வாசனையே இல்லாமல் கிடந்தது என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஆச்சரியத்தைக் கொடுக்கும். பெண் குழந்தைகளும், ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டிருந்தவர்களின் குழந்தைகளும் அந்தத் திண்ணையில் ஏறுவது அபூர்வம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

திண்ணையில் படிப்பு எப்படி நடந்தது? மணலைப் பரப்பி விரலால் எழுதுவார்கள். பிறகு ஓலை. மூத்த பையன் சொல்லச் சொல்லச் சின்னப் பையன்கள் கூவுவார்கள். இந்த முறையைச் சென்னையில் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் பார்த்தார். பையனுக்குப் பையனே பாடம் சொல்லிக் கொடுப்பதும் மணலில் எழுதுவதும் அவருக்கு மிகவும் பிடித்துப் போயின. 1797-இல் லண்டனில் ஒரு சிறு நூலாக எழுதி வெளியிட்டார். பிறகு இங்கிலாந்தில் ஏழைக் குழந்தைகள் பல்லாயிரம் பேர் 'மதராஸ் முறை' என்ற பெயரிலேயே படித்தார்கள். நம் திண்ணைக்குக் கிடைத்த பெருமை அது.

ஆனால் திண்ணையில் குழந்தைக்கென்று புத்தகம் கிடையாது. அரிச்சுவடி முடிந்தால் ஆத்திசூடி. பிறகு கொன்றைவேந்தன், உலகநீதி, எண்சுவடி, நிகண்டு. எல்லாம் நெட்டுருப் போட ஏற்றவை. நெட்டுரு கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஔவையின் ஓரடிகளைப் போல நாக்கில் ஒட்டிக்கொள்ளுபவை வேறு ஏது? ஆனால் அவற்றைக் கற்பது காதாலும் நாக்காலும். கண் அங்கே சும்மா கூடவே போகும். ஓலையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் ஒப்பிக்கலாம். 'அடுத்து என்ன ஆயிற்று?' என்று தெரிந்துகொள்வதற்காக ஒரு குழந்தை அடுத்த வரிக்குக் கண்ணைக் கொண்டுபோகிறதே, அந்த ஆசைக்கு அங்கே இடம் இல்லை.

அச்சு வந்தது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1850-ஐ ஒட்டிப் பாலபாடங்களை அச்சிட்டார். எளிய வசனம், சின்ன வாக்கியத்தில் தொடங்கிப் படிப்படியாகப் பெரியதற்குப் போகும் ஒழுங்கு. தமிழ்ப் பிள்ளைகளின் கைக்கு உரைநடை வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனாலும் பாலபாடத்தில் பேசுகிறவர் ஆசிரியர், கேட்டுக்கொள்கிறவன் பாலன். உபதேசம் என்ற உப்பு ஒரு படி தூக்கல். அதற்குப் பின் வந்த பாடப்புத்தகங்களில் பல, நாவலரின் ஒழுங்கை விட்டுவிட்டு உப்பை மட்டும் எடுத்துக்கொண்டன.

இங்கே ஒரு கேள்வி. தமிழ்க் குழந்தைக்குப் படிப்பது ஏன் முதலில் சிரமமாக இருக்கிறது? 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது. ஓசையோ பின்னால் வருகிறது. கண் ஒரு முறை முன்னே போய்த் திரும்ப வேண்டும். 'கொ' என்றால் எழுத்துக்கு இருபுறமும் காவல். போதாக்குறைக்கு, பழைய அச்சில் 'ணை, லை, ளை, னை' நான்கும் யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவைத் தூக்கிக்கொண்டு நிற்கும். ணா, றா, னா முதலியவற்றுக்கும் தனி வேஷம். இந்தச் சிரமத்தைக் குறைக்க வேண்டும் என்று காரியத்தில் இறங்கியவரும் கொங்கு நாட்டுக்காரரே. ஈரோட்டில் 'குடி அரசு' பத்திரிகை நடத்திய பெரியார், 1935-இல் அந்த வேஷங்களைக் களைந்துவிட்டு எல்லா எழுத்துக்கும் ஒரே விதி என்று அச்சடிக்கத் தொடங்கினார். அவருடைய மற்றக் கொள்கைகளை ஏற்காதவர்களும் இதை மறுக்க முடியவில்லை. 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பதின்மூன்று எழுத்துக்களின் மாற்றத்தைச் சட்டபூர்வமாக ஏற்றுக்கொண்டது. இன்று ஒன்றாம் வகுப்பில் 'மலை' என்று எழுதும் எந்தக் குழந்தைக்கும், தன் கை நோவு குறைந்தது ஈரோட்டால் என்று தெரியாது.

எழுத்தை விடப் பெரிய சிரமம் ஒன்று உண்டு. புத்தகத்தின் பேச்சு வேறு, வீட்டுப் பேச்சு வேறு. எங்கள் பக்கத்துக் குழந்தைக்குத் தாயின் தகப்பனார் அப்பிச்சி, தகப்பனின் தகப்பனார் அப்பாரு. புத்தகத்தில் இருவரும் தாத்தா. வீட்டில் 'வந்துட்டிருக்கிறாங்க' என்று ஒரே மூச்சில் வருவது, புத்தகத்தில் 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்று ரயில் வண்டி போல நீளுகிறது. குழந்தை எழுத்துக் கூட்டிக் கடைசிப் பெட்டிக்கு வருவதற்குள் எஞ்சின் மறந்து போகிறது. 1942-இல் 'நாகம்மாள்' நாவலில் ஆர். ஷண்முகசுந்தரம் இந்தப் பேச்சைத் துணிந்து எழுதியபோது, பெரியவர்களின் இலக்கியத்துக்கு எங்கள் வாசல் திறந்தது. குழந்தைப் புத்தகத்தின் வாசல் திறக்க வெகு காலம் பிடித்தது.

திறந்தவர்களில் முதலில் நிற்பவர் பெரியசாமித் தூரன். ஈரோட்டுக்கு அருகே மொடக்குறிச்சிப் பக்கம் மஞ்சக்காட்டு வலசில் 1908-இல் பிறந்தவர். அவருடைய கீர்த்தனைகளைச் சங்கீதக் கச்சேரிகளில் கேட்டிருப்பீர்கள். கோயமுத்தூரில் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் 1930-இல் தொடங்கி, பின்பு பெரியநாயக்கன்பாளையத்தில் வளர்த்த ராமகிருஷ்ண வித்தியாலயத்தில் அவர் தலைமையாசிரியராக இருந்தார். குழந்தைகளோடேயே பல வருஷம் இருந்தவருக்கு, குழந்தை மனம் எப்படி வேலை செய்கிறது என்பதில் ஓயாத ஆசை. குழந்தை மனத்தைப் பற்றிப் பெரியவர்களுக்கு எழுதினார். குழந்தைகளுக்காகக் 'கொல்லிமலைக் குள்ளன்', 'மாயக்கள்ளன்', 'ஓலைக்கிளி' என்று கதைகளும் எழுதினார். பெயர்களைப் பாருங்கள். ஒன்றிலாவது நீதி தலையை நீட்டுகிறதா? குள்ளன் யார், கள்ளன் என்ன செய்தான் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? ஊர் ஊராகப் பாடப்பட்ட நாடோடிப் பாடல்களையும் அவர் திரட்டினார். 'காற்றில் வந்த கவிதை' என்று அந்தத் தொகுப்புக்குப் பெயர் வைத்தார்.

அவினாசிலிங்கம் 1946-இல் மாகாணக் கல்வி மந்திரியானார். அவர் காலத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, 1948-இல் நிறைவேறிய பொது நூலகச் சட்டம். வீட்டு வரியோடு நூலகத்துக்கும் ஒரு பங்கு வாங்கி, ஊர் தோறும் நூலகம் வைக்க வழி செய்தது அது. இந்திய மாகாணங்களில் அதுதான் முதல். நூலகத் துறையின் தந்தை ரங்கநாதன் இதற்காக எவ்வளவோ வருஷம் வாதாடியிருந்தார். ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகன் என்பது 1931-லேயே அவர் வகுத்துக் கொடுத்த விதி. மற்றொன்று தமிழ்க் கலைக்களஞ்சியம். அதன் ஆசிரியர் பொறுப்பு தூரனிடம் வந்தது. முதல் தொகுதி 1954-இல் வெளிவந்தது, பத்தாவது 1968-இல். அத்தனை பெரிய வேலையை முடித்த மனிதர் ஓய்வு எடுத்துக்கொண்டிருக்கலாம். அவர் உடனே குழந்தைகள் கலைக்களஞ்சியத்தில் இறங்கினார். 1968 முதல் 1976 வரை அதுவும் பத்துத் தொகுதிகள், படங்களோடு. பண்டிதர்களுக்குச் செய்த மரியாதையைக் குழந்தைகளுக்கும் செய்தவர் அவர்.

இதே காலத்தில் மற்ற இடங்களிலும் காற்று மாறியது. அழ. வள்ளியப்பாவின் 'மலரும் உள்ளம்' 1944-இல் வந்தது. அவர் முயற்சியால் 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாயிற்று. 1947-இல் 'அம்புலிமாமா' பிறந்தது. அந்தப் பத்திரிகை இப்போது இல்லை. ஆனால் வேதாளத்தைத் தோளில் சுமந்த ராஜாவின் படத்தைப் பார்ப்பதற்காகப் பக்கத்தைத் திருப்பி, பிறகு படத்துக்குக் கீழே என்ன போட்டிருக்கிறது என்று எழுத்துக் கூட்டிய குழந்தைகள் கொஞ்சமா? படம்தான் அவர்களைக் கையைப் பிடித்து எழுத்துக்கு அழைத்துக்கொண்டு வந்தது.

பெரிய எழுத்தாளர்களுக்கு இது சின்ன வேலையா? டால்ஸ்டாய் 'போரும் அமைதியும்' எழுதி முடித்த கையோடு, தம் ஊர்க் குடியானவர் பிள்ளைகளுக்காக அரிச்சுவடி எழுத உட்கார்ந்தார். 1872-இல் அது வெளியாயிற்று. திருப்தியில்லை; மறுபடி எழுதி 1875-இல் புதிதாக வெளியிட்டார். அமெரிக்காவில் டாக்டர் ஸூஸ் என்பவர், பள்ளிப் புத்தகங்கள் சலிப்பூட்டுவதால்தான் குழந்தைகள் படிப்பதில்லை என்ற புகார் எழுந்தபோது, 236 சொற்களை மட்டுமே வைத்துக்கொண்டு தொப்பி போட்ட பூனையின் கதையை எழுதினார். 1957-இல் வந்த அந்தப் புத்தகத்தில் உபதேசம் இல்லை. வீட்டையே தலைகீழாக்கும் குறும்புதான் இருக்கிறது. சொல் குறைந்தால் சுவை குறையும் என்பது பொய் என்று அந்தப் பூனை காட்டிவிட்டது.

2005-இல் தொடங்கிய ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவுக்கு நான் போவது வழக்கம். ஒரு முறை பனியன் கம்பெனித் தொழிலாளி ஒருவர் மகளோடு வந்திருந்தார். ஏழு வயதிருக்கும். அவர் கையில் அரைப்படிக் கனத்தில் ஒரு நீதிக்கதைத் தொகுப்பு. அவள் கையில் பதினாறு பக்கத்தில் ஓர் எறும்புக் கதை. பக்கத்துக்கு ஒரு வரி.

"ஏனுங்க, இது இத்தினியூண்டு இருக்குதுங்களே, குடுக்கற காசுக்குப் பத்துமுங்களா?" என்று அவர் என்னைக் கேட்டார்.

அதற்குள் அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து ஒரு தடவை படித்து முடித்துவிட்டாள். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். எறும்பு தண்ணீரில் விழும் இடம் வந்ததும், வரப்போவது தெரிந்தும், அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"படிச்சதையே படிக்கறயே கண்ணு?" என்றார் தகப்பனார்.

"இப்ப நானா படிக்கறேன்பா" என்றாள்.

அவர் இரண்டையும் வாங்கினார். பெரியதை அவர் படித்துக் காட்டலாம், சின்னதை அவளே படிக்கட்டும் என்று சொன்னேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

புத்தகம் தேர்ந்தெடுப்பதில் மந்திரம் எதுவும் கிடையாது. ஒரு பக்கத்தைத் திறந்து குழந்தையைப் படிக்கச் சொல்லுங்கள். தடுக்கும் சொல்லுக்கு ஒரு விரலை மடக்குங்கள். ஐந்து விரலும் மடங்கிவிட்டால், அந்தப் புத்தகம் இப்போதைக்கு நீங்கள் படித்துக் காட்ட வேண்டியது. ஒன்றிரண்டு மடங்கினால் குழந்தையிடம் கொடுக்கலாம். எழுத்து பெரிதாக இருக்கட்டும். வரி குறைவாக இருக்கட்டும். ஒரே சொல் திரும்பத் திரும்ப வரட்டும். திரும்ப வருவது பெரியவர்களுக்குச் சலிப்பு. குழந்தைக்கோ அது பழைய சிநேகிதனைச் சந்தையில் பார்த்த மாதிரி. படமும் எழுத்தும் ஒன்றையே சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், ஏதாவது நடக்க வேண்டும். யாராவது விழ வேண்டும், ஓட வேண்டும், தொலைந்து போய்க் கிடைக்க வேண்டும். நீதி இருந்தால் கதைக்குள் கரைந்து கிடக்கட்டும்; கடைசி வரியில் பிரம்பை எடுத்துக்கொண்டு வர வேண்டாம். தேர்ந்தெடுக்கும் உரிமையில் பாதியையாவது குழந்தைக்கு விட்டுவிடுங்கள்.

இப்போது அரசாங்கப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கம் என்று சின்னச் சின்னப் புத்தகங்களைக் கொடுக்கிறார்கள். பக்கமும் சொல்லும் ஏறுகிற வரிசையில் அவற்றை நான்காகப் பிரித்து, நுழை, நட, ஓடு, பற என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர்களைக் கேட்டபோது தூரன் ஞாபகம் வந்தது. மில் வேலைக்கும் தறி வேலைக்கும் போகும் எத்தனையோ குடும்பங்களில், வீட்டிலேயே முதல்முதலாகப் புத்தகம் பிடிப்பது அந்தக் குழந்தையின் கைதான். அன்று திண்ணைக்கு வெளியே நின்றவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகளும் அவர்களில் இருக்கிறார்கள். அந்தக் கையில் நாம் கொடுக்கும் முதல் புத்தகம் கசந்துவிட்டால், அந்த வீட்டில் இரண்டாவது புத்தகம் நுழைய இன்னொரு தலைமுறை காத்திருக்க வேண்டும். இனித்துவிட்டால், அடுத்ததை அவர்களே தேடிக்கொள்வார்கள். நம்மைக் கேட்கக்கூட மாட்டார்கள்.