நீர்க்கட்டிக்கான மாத்திரைகள்: எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்?



ஜுமுஆ முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, தயங்கித் தயங்கி வந்து நிற்கும் தகப்பன்மார்கள் இப்போது அடிக்கடி கேட்பது இது: "ஹஜ்ரத், பொண்ணுக்கு மூணு மாசம், நாலு மாசம்னு தள்ளிப்போகுது. நீர்க்கட்டின்னு சொல்லி டாக்டரம்மா மாத்திரை எழுதினாங்க. மெடிக்கல்ல கேட்டா கருத்தடை மாத்திரைங்கறாங்க. கல்யாணம் ஆகாத பிள்ளைக்குக் கொடுக்கலாமா?" பாதிப் பேர் மாத்திரையை நிறுத்திவிட்ட பிறகுதான் கேட்கவே வருகிறார்கள்.

மார்க்க ரீதியான பதில் சுருக்கமானது. நோய்க்காகச் சாப்பிடும்போது அது மருந்து. அதே மாத்திரையை வேறொருவர் வேறு காரணத்துக்குச் சாப்பிடுகிறார் என்பதால் அது ஹராமாகிவிடாது. விரிவாகப் பேச வேண்டியது பாதுகாப்பைப் பற்றித்தான். நான் மருத்துவன் அல்ல. மருத்துவ உலகில் பதிவாகியுள்ளதைப் படித்து எழுதுகிறேன்; உங்கள் பிள்ளைக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பிசிஓஎஸ், பிசிஓடி என்று சொல்லப்படும் இந்தக் கோளாறு பத்தில் ஒரு பெண்ணுக்கு இருக்கிறது. ஸ்கேனில் தெரிவது உண்மையில் கட்டியே அல்ல, முதிராமல் நின்றுபோன கருமுட்டைப் பைகள். மாதவிடாய் மூன்று மாதத்துக்கு மேல் வராமலே இருந்தால் கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும். வருடக்கணக்கில் விட்டால் அங்கே புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும். ஆக, மருந்தே வேண்டாம் என்று விடுவதும் ஆபத்தில்லாத வழி அல்ல.

கருத்தடை மாத்திரையில் உள்ள முக்கிய ஆபத்து இரத்தக்குழாயில் இரத்தம் உறைவது. மாத்திரை சாப்பிடாத 10,000 பெண்களில் ஆண்டுக்குச் சுமார் 2 பேருக்கு இது வருகிறது. லெவோனார்ஜெஸ்ட்ரல் கலந்த மாத்திரையில் 5 முதல் 7 பேர். ட்ரோஸ்பைரினோன் போன்ற புதிய வகைகளில் 9 முதல் 12 பேர். இவை ஐரோப்பிய மருந்து முகமையின் கணக்கு. கர்ப்ப காலத்தில் வரும் ஆபத்து இதைவிட அதிகம்.

சைப்ரோடெரோன் கலந்த 'டயேன்-35' மாத்திரையை, 25 ஆண்டுகளில் நான்கு மரணங்களோடு அதற்குத் தொடர்பு இருப்பதாகக் கூறி 2013-ல் பிரான்ஸ் நிறுத்தி வைத்தது. அதே ஆண்டு ஐரோப்பிய முகமை ஆராய்ந்து, மிதமானது முதல் கடுமையானது வரையிலான முகப்பரு, மிகையான முடிவளர்ச்சி உள்ளவர்களுக்கு மட்டும் தரலாம் என்றது. 2023-ன் சர்வதேச வழிகாட்டுதலும் அதை முதல் மருந்தாகத் தர வேண்டாம் என்கிறது. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கும் மாலா-என், ஆபத்து குறைவான லெவோனார்ஜெஸ்ட்ரல் வகையைச் சேர்ந்தது. விலை அதிகம் என்பதால் பாதுகாப்பு அதிகம் என்று நினைக்க வேண்டாம். குடும்பத்தில் யாருக்காவது இரத்த உறைவு வந்திருந்தாலோ, பிள்ளைக்குக் கண் முன் ஒளிக்கீற்று தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலியோ இரத்த அழுத்தமோ இருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடுத்தது, குழந்தைக்காக அரூரிலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் சேலத்துக்குப் பஸ் ஏறும் தம்பதிகளின் சீட்டில் இருக்கும் லெட்ரோசோல். இணையத்தில் தேடினால் 'மார்பகப் புற்றுநோய் மருந்து', 'இந்தியாவில் தடை செய்யப்பட்டது' என்று வரும். இரண்டும் பொய்யல்ல, ஆனால் பாதிக் கதை. கருமுட்டை வளர்ச்சிக்கு 2007-ல் இங்கே அனுமதி தரப்பட்டது. 2011 அக்டோபரில் மத்திய அரசு அந்தப் பயன்பாட்டைத் தடை செய்தது. அனுமதி தந்த விதத்தை 2012-ல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகச் சாடியது. அது நியாயமான கண்டனம் என்பதே என் கருத்து.

பயத்தின் தொடக்கம் 2005-ல் கனடாவில் ஒரு மாநாட்டில் வாசிக்கப்பட்ட ஆய்வு. சுமார் 150 குழந்தைகளை வைத்து, எலும்பு, இதயக் குறைபாடுகள் கூடுவதாக அது சொன்னது. மறு ஆண்டே 911 குழந்தைகளை வைத்து வந்த ஆய்வில் லெட்ரோசோலில் 2.4 சதவீதமும், பழைய மருந்தான குளோமிஃபீனில் 4.8 சதவீதமும் குறைபாடு காணப்பட்டது. 2014-ல் அமெரிக்காவில் நீர்க்கட்டி உள்ள 750 பெண்களிடம் இரண்டையும் ஒப்பிட்டபோது, லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதத்தினருக்கும் குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதத்தினருக்கும் குழந்தை பிறந்தது. பிறவிக் குறைபாட்டில் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. 2017-ல் இந்தியா தடையை நீக்கியது. இன்று உலக வழிகாட்டுதல்களில் இதுவே முதல் மருந்து. ஆனால் ஒன்றைத் தவறவிடக் கூடாது: ஏற்கெனவே கரு தங்கியிருந்தால் இதைச் சாப்பிடக் கூடாது. தொடங்கும் முன் கர்ப்பம் இல்லை என்று பரிசோதித்து உறுதி செய்துகொள்ள வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கேட்டது என்று அவள் சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்குவது இந்த இடத்தில்தான் விபரீதமாகிறது.

முகத்தில் முடி வளர்வதற்குத் தரும் ஸ்பைரோனோலாக்டோனிலும் இதே கவனம் தேவை. கருவில் ஆண் குழந்தை இருந்தால் அதன் பாலுறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கக்கூடிய மருந்து அது. நிக்காஹ் தேதி குறித்ததை ஊருக்கெல்லாம் சொல்கிறோம், மருத்துவரிடம் மட்டும் சொல்வதில்லை.

மெட்ஃபார்மின் சர்க்கரை மாத்திரை என்பதால் பலர் மிரளுகிறார்கள். குமட்டலும் வயிற்றுப்போக்கும் ஆரம்பத்தில் இருக்கும். சாப்பாட்டோடு எடுத்து மெல்ல அளவைக் கூட்டினால் பெரும்பாலும் அடங்கும். ஆண்டுக்கணக்கில் எடுத்தால் வைட்டமின் பி12 குறையலாம், அதற்கு இரத்தப் பரிசோதனை உண்டு. சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்குக் கூடாது.

மாத்திரை தொடங்கிய முதல் சில மாதங்களில் இடையிடையே இரத்தம் படும். தொழுகையை எப்போது விடுவது என்று பெண்கள் குழம்பிப்போகிறார்கள். ஹனஃபி மத்ஹபில் ஹைளின் உச்ச அளவு 10 நாள். அதைத் தாண்டி ஓடுவது இஸ்திஹாளா, அப்போது தொழ வேண்டும். முந்தைய மாதங்களின் வழக்கமான நாட்களைக் குறித்துக்கொண்டு உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். ரமளானில் மெட்ஃபார்மின் ஒரு வேளை எடுப்பவர்கள் இஃப்தாரிலும், இரு வேளை எடுப்பவர்கள் இஃப்தாரிலும் ஸஹரிலும் எடுப்பதே வழக்கம். நோன்புக்கு ஓரிரு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து நேரத்தை மாற்றிக்கொள்ளலாம்.