மின்னஞ்சல் வார்ப்புருக்களும் தமிழ்க் குறியேற்ற மாற்றமும்

மின்னஞ்சல் வார்ப்புரு என்பது மீண்டும் மீண்டும் அனுப்புவதற்காக எழுதிச் சேமித்து வைக்கும் மடல். ஒருங்குறி பரவுவதற்கு முன்பு தமிழ் வார்ப்புருக்கள் திஸ்கி, டாப் போன்ற 8-பிட் குறியேற்றங்களில் எழுதப்பட்டன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் ஆகியவற்றைத் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றது.

திஸ்கி, டாப் ஆகியவற்றில் தமிழ் எழுத்துகள், ஐரோப்பிய மொழிகளின் குறியிட்ட எழுத்துகளுக்குரிய 128 முதல் 255 வரையிலான இடங்களில் வைக்கப்பட்டிருந்தன. உரிய எழுத்துரு இருந்தால் மட்டுமே மடல் தமிழாகத் தெரியும். மென்பொருளைப் புதுப்பித்ததும், அது எல்லா மடலையும் ஒருங்குறியாகவே கருதினால், பழைய வார்ப்புரு பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகளாகவோ கேள்விக்குறிகளாகவோ தோன்றும். இரண்டும் ஒன்றல்ல. முதல் நிலையில் பெரும்பாலும் மூலத் தரவு அப்படியே இருக்கும். குறியேற்றத்தின் பெயர் தெரிந்தால் மீட்டுவிடலாம். கேள்விக்குறிகளாகவே சேமித்துவிட்டால் மூலம் அழிந்துபோகும். ஆகவே திருத்தத் தொடங்குமுன் கோப்பை நகலெடுப்பதே முதல் வேலை.

மாற்றுவதும் எழுத்துக்கு எழுத்து ஈடுசெய்யும் பணியன்று. திஸ்கியில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில், ஒற்றைக்கொம்பு, ககரம், கால் எனச் சேமிக்கப்படும். ஒருங்குறியில் ககரம் முதலில் வரும். இதைக் கவனிக்காத மாற்றிகள் கொம்பை முந்தைய எழுத்தோடு ஒட்டிவிடும். தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது 2010இல்தான். அதுவரை பழைய குறியேற்றங்களும் ஒருங்குறியும் அருகருகே புழங்கின.