ஐஸ் மேல ஆடுறதுக்கு முன்னாடி தரையில ஆடணும்

கீரப்பாளையத்துல உக்காந்துகிட்டு ஐஸ் ஸ்கேட்டிங் பத்தி எழுத என்ன இருக்குன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். எங்க பக்கம் ஐஸ்னா பரங்கிப்பேட்டை மீன் பெட்டியில இருக்கறதும், சைக்கிள்ல மணியடிச்சுகிட்டு வர்ற குச்சி ஐஸும்தான். ஆனா இந்த ஃபிகர் ஸ்கேட்டிங் ஆளுங்க பாதிப் பயிற்சியை ஐஸுக்கு வெளியில, வெறும் தரையிலதான் பண்றாங்க. அந்தக் கதையை நூல் பிடிச்சுப் போனா, சுத்தி வளைச்சு சிதம்பரம் கோபுர வாசலுக்கே வந்து சேருது. கொஞ்சம் பொறுமையா வாங்க.

1860கள் வரைக்கும் ஸ்கேட்டிங்னா உடம்பை விறைப்பா வச்சுகிட்டு ஐஸ்ல வட்டமும் எட்டும் போடுறதுதான். கோலப்போட்டி மாதிரின்னு வச்சுக்கங்களேன். ஜாக்சன் ஹெய்ன்ஸ்னு ஒரு அமெரிக்கர், பாலே தெரிஞ்சவர், அதை அப்படியே ஐஸ் மேல கொண்டு வந்தார். இசை போட்டு ஆடினார். சொந்த ஊர்ல யாரும் சீண்டல. ஐரோப்பாவுக்குப் போனார், வியன்னாக்காரங்க தலையில தூக்கி வச்சுக்கிட்டாங்க. 1875ல பின்லாந்துல செத்துப் போனார். ஐஸ்ல ஆடணும்னா முதல்ல தரையில ஆடத் தெரியணும்ங்கற எண்ணத்துக்கு விதை போட்டது அவர்தான்.

அடுத்து நார்வேக்காரப் பொண்ணு சோன்யா ஹெனி. 1924 ஒலிம்பிக்ஸ்ல பதினொரு வயசு, கடைசி இடம். அப்புறம் 1928, 1932, 1936ன்னு வரிசையா மூணு தங்கம். 1927ல இருந்து 1936 வரைக்கும் பத்து உலகப் பட்டம். இவங்க பாலே கத்துக்கிட்டவங்க. ரஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவாதான் இவங்களுக்கு ஆதர்சம்.

பாவ்லோவான்னதும் உங்கள்ல சில பேருக்குப் பொறி தட்டியிருக்கும். ஆமா, நம்ம ருக்மிணி தேவி! 1928ல ஆஸ்திரேலியா போற கப்பல்ல ரெண்டு பேரும் பழகினாங்க. பாவ்லோவா குழுவுல இருந்த கிளியோ நோர்டிகிட்ட ருக்மிணி தேவி பாலே கத்துக்கிட்டாங்க. உங்க நாட்டு நடனத்தைத் தேடிப் போங்கன்னு சொன்னதும் பாவ்லோவாதான். அப்புறம் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைகிட்ட சதிர் கத்துக்கிட்டு, 1935ல அரங்கேறி, 1936ல கலாக்ஷேத்ராவை ஆரம்பிச்சாங்க. அதே 1936லதான் ஹெனியோட மூணாவது தங்கம். ஒரே பாவ்லோவா, ஒரு பக்கம் ஆஸ்லோ, ஒரு பக்கம் அடையாறு. (இந்த மாற்றத்துல பரம்பரையா ஆடிக்கிட்டிருந்த குடும்பத்துப் பெண்கள் மேடையை இழந்ததும் நடந்துச்சு. அதைச் சொல்லாம தாண்டிப் போறது சரியில்லை. பாலசரஸ்வதி அம்மா கடைசி வரைக்கும் அதை எதிர்த்துப் பேசினாங்க.)

இப்ப தரைப் பயிற்சிக்கு வருவோம். 1952ல டிக் பட்டன் போட்டியில முதல் தடவையா மூணு சுத்து தாவினார். 1988ல கர்ட் பிரௌனிங் நாலு சுத்து. 2022ல இலியா மலினின் நாலரை சுத்து. காத்துல இருக்கறது ஒரு செகண்டுக்கும் கம்மி! அதுக்குள்ள கையை நெஞ்சோட இறுக்கி, காலைப் பின்னி, சுத்தி முடிச்சு, ஒத்தைக் கால்ல பின்பக்கமா இறங்கணும். இறங்கும்போது உடம்பு எடையைப் போல பல மடங்கு அந்தக் கால்ல விழும். இதையெல்லாம் நேரா ஐஸ்ல பழகினா எலும்பு மிஞ்சாது. அதனால முதல்ல சாதா ஷூ போட்டுகிட்டு தரையில தாவறாங்க. சுத்துறதுக்குப் பழக ஒரு சின்ன வளைஞ்ச பலகை, இடுப்புல கட்டித் தூக்கிப் பிடிக்க ஒரு வாரு, இது போக பாலே வகுப்பு தனி. ஐஸ் வாடகையும் ஜாஸ்தி, தரை சும்மா கிடைக்குது. ஆனா தரையில வழுக்கல் கிடையாது, பிளேடோட விளிம்பு கிடையாது. அதை மட்டும் ஐஸ்லதான் கத்துக்க முடியும்.

அந்த விளிம்புலதான் சூட்சுமமே இருக்கு. லுட்ஸ்னு ஒரு தாவல், ஃப்ளிப்னு ஒரு தாவல். காத்துல இருக்கும்போது போட்டோ எடுத்தா எது எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. வெளி விளிம்புல இருந்து கிளம்பினா லுட்ஸ், உள் விளிம்புல இருந்து கிளம்பினா ஃப்ளிப். அவ்வளவுதான் வித்தியாசம்.

நம்ம கரணச் சிற்பங்களுக்கும் இதே சிக்கல்தான். நாட்டிய சாஸ்திரம் சொல்ற 108 கரணமும் நின்னு காட்டற போஸ் இல்லை. கையும் காலும் சேர்ந்து ஓடற முழு அசைவு. சிற்பி அதுல ஒரு கணத்தைத்தான் செதுக்க முடியும். தஞ்சை பெரிய கோயில் மேல்தளத்துல 81 செதுக்கி, பாக்கி 27 கல்லை வெறுமனே விட்டுட்டாங்க. சிதம்பரத்துல கிழக்கு, மேற்கு கோபுர வாசல்ல என்ன பண்ணாங்கன்னா, சிற்பத்தோட அதுக்கான ஸ்லோகத்தையும் வெட்டி வச்சுட்டாங்க. போட்டோவுக்கு கீழ இது லுட்ஸ்னு எழுதற மாதிரி! அதை வச்சு 1936ல (திரும்பவும் அதே வருஷம், பாருங்க) 'தாண்டவ லட்சணம்' புத்தகம் வந்துச்சு. அதை எழுதின மூணு பேர்ல நாராயணசாமி நாயுடு, அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர். பின்னாடி பத்மா சுப்ரமணியம் இது அசைவுதான்னு ஆய்வு பண்ணி, தானே ஆடியும் காட்டினாங்க.

கடைசியா 2010 வான்கூவர் ஒலிம்பிக்ஸ். ஐஸ் டான்ஸ்ல நாட்டுப்புற நடனம்தான் தலைப்பு. அமெரிக்க ஜோடி மெரில் டேவிஸ், சார்லி ஒயிட் இந்தியப் பாட்டை எடுத்தாங்க. 'தேவதாஸ்', 'பண்டி ஔர் பப்ளி' படப் பாட்டுங்க. கேசட்டைப் போட்டுப் பாத்து காப்பியடிக்கல. மிச்சிகன்ல ஒரு இந்திய நடன டீச்சர்கிட்ட போய், கை எப்படி, கழுத்து எப்படி, கண்ணு எப்படின்னு தரையில நின்னு கத்துக்கிட்டாங்க. வெள்ளி வாங்கினாங்க. ஐஸ்ல அரைமண்டி போட முடியாதுதான். இருந்தாலும் கையைப் பாத்தா யாரோ உக்கார வச்சு சொல்லிக் குடுத்திருக்காங்கன்னு தெரியும். அதே தலைப்புக்கு ரஷ்ய ஜோடி டோம்னினா, ஷபாலின் ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஆட்டம்னு சொல்லி ஒண்ணு ஆடினாங்க. பூர்வகுடித் தலைவர்கள் இது எங்க ஆட்டமே இல்ல, அவமானம்னு சொன்னாங்க. மேக்கப்பைக் குறைச்சு, டிரெஸ்ஸை மாத்திகிட்டு வந்து ஆடி, வெண்கலம் வாங்கிட்டுப் போனாங்க.

ரெண்டு வீடியோவும் நெட்ல கிடைக்கும், அடுத்தடுத்து போட்டுப் பாருங்க. அடுத்த தடவை சிதம்பரம் வர்றவங்க நேரா சன்னதிக்கு ஓடாம, கிழக்கு வாசல்ல அஞ்சு நிமிஷம் நின்னு அண்ணாந்து பாத்துட்டுப் போங்க. வெயிலுக்கு முன்னாடி வந்தா கல்லெழுத்து நல்லாத் தெரியும்.