மீண்ட உயிரும் மீளும் வலிமையும்



உயிரைக் காப்பது ஒரு வெற்றி. காத்த உயிருக்கு வலிமை தருவது மற்றொரு வெற்றி. சிறுநீரக மாற்றுச் சிகிச்சையின் வரலாற்றில் இவ்விரு வெற்றிகளுக்கும் இடையே பல ஆண்டுகள் சென்றன.

1954-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஜோசப் மரே என்னும் அறுவை மருத்துவர், ரொனால்டு ஹெரிக் ஈந்த சிறுநீரகத்தை அவருடைய இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்குப் பொருத்தினார். இருவரும் ஒரே கருவிலிருந்து தோன்றியவர்கள். ஆதலின் ரிச்சர்டின் உடல் அவ்வுறுப்பை அந்நியமென்று ஒதுக்கவில்லை. அவர் மேலும் 8 ஆண்டுகள் வாழ்ந்தார். மரேக்கு 1990-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் நோயாளிகள் எல்லோருக்கும் இரட்டையர் வாய்ப்பரோ? பிறர் உறுப்பு நிலைக்க வேண்டுமாயின், உடலின் எதிர்ப்பாற்றலை மருந்தினால் அடக்க வேண்டும். 1960-களில் அசாதயோபிரினும் பிரெட்னிசோன் என்னும் ஸ்டீராய்டும் அதற்கு வழி திறந்தன. வழி திறந்த ஸ்டீராய்டே வேறொரு தீங்கும் செய்தது. அது புதிய உறுப்பைக் காத்தது; தசையையோ கரைத்தது. நெடுநாள் நோயால் மெலிந்த கால்கள் மேலும் தளர்ந்தன, எலும்பும் வலுவிழந்தது.

இத்தகையோர் ஓய்ந்திருத்தலே நன்று என்று கருதுவது இயல்பு. அக்கருத்தை அசைத்த நிகழ்ச்சி ஒன்று 1978-இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் நகரில் நடந்தது. மாரிஸ் ஸ்லாபாக் என்னும் அறுவை மருத்துவரின் முயற்சியால், மாற்றுறுப்புப் பெற்றோர் விளையாட்டுப் போட்டிகளில் இறங்கினர்.

களத்தில் கண்டதை ஆய்வும் உறுதி செய்தது. 1985-இல், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர ஆய்வாளர், பிரெட்னிசோன் உண்டுவந்த சிறுநீரகம் பெற்றோரின் தொடைத்தசைகளுக்குப் பயிற்சி அளித்தனர். மெலிந்த தசை மீண்டும் பருத்தது, வலிமையும் கூடியது. 2015-இல் வெளிவந்த இலண்டன் ஆய்வொன்று, 60 பேரை மூன்று பிரிவாக்கியது. 12 வாரங்கள் ஒரு பிரிவினர் மூச்சையும் இதயத்தையும் வளர்க்கும் பயிற்சியும், மற்றொரு பிரிவினர் பளுவை எதிர்த்துத் தசையை இயக்கும் வலிமைப் பயிற்சியும் செய்தனர். எஞ்சியோர் வழக்கமான சிகிச்சையே பெற்றனர். பயின்ற இரு பிரிவினருக்கும் உடல்திறன் உயர்ந்தது. இரத்தக் குழாய்களின் விறைப்புத் தணிந்தது. சிறுநீரக நோயாளிகளை இதயநோய் பெரிதும் வாட்டுவதால், இப்பயன் சிறிதன்று.

எனினும் பயிற்சிக்கும் முறை உண்டு. அறுவைப் புண் ஆறுமுன் பளு தூக்கலாகாது. புதிய சிறுநீரகம் அடிவயிற்றில், தோலுக்கு அண்மையில் அமைவதால், அங்கே அடிபடாமல் காக்க வேண்டும். மருத்துவர் இசைவுடன் சிறு பளுவில் தொடங்கிப் படிப்படியாகவே உயர்த்த வேண்டும்.

ஒருவர் ஈந்த உறுப்பு மற்றொருவருக்கு உயிரைத் தருகிறது. அவ்வுயிர் குடியிருக்கும் உடலை உறுதியாக்குவது, பெற்றவரின் நாள்தோறும் நிகழும் முயற்சியே ஆகும்.