பிள்ளைகளோடு எங்கே தங்குவது? சத்திரம் சொல்லும் பதில்



முழு ஆண்டுத் தேர்வு முடியப்போகிறது. "சார், பிள்ளைங்களோட வெளியூர் போறோம், எந்த மாதிரி ஓட்டல்ல தங்கலாம்?" என்று இந்த வாரத்தில் மட்டும் மூன்று பேர் போனில் கேட்டுவிட்டீர்கள். ஒடுகத்தூரை விட்டு அதிகம் நகராத என்னிடம் ஓட்டல் பட்டியல் எதுவும் கிடையாது. சரித்திர வாத்தியாரிடம் கேட்டால் சரித்திரம்தான் கிடைக்கும். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

வேலூரிலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் போகும்போது பாலுசெட்டிசத்திரம் வரும், பிறகு சுங்குவார்சத்திரம் வரும். தெற்கே ஒட்டன்சத்திரம் இருக்கிறது. திருச்சியில் ஒரு பேருந்து நிலையத்துக்கே சத்திரம் என்றுதான் பெயர். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே ராணி மங்கம்மாள் பெயரில் சத்திரம் நிற்கிறது. கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் போன காலத்தில், இருட்டுவதற்குள் போய்ச் சேரும் தூரத்தில் ஒரு கூரை வேண்டும். அந்தக் கூரைதான் சத்திரம். கூரை போய்விட்டது, ஊர்ப் பெயர் மட்டும் நிற்கிறது.

அந்தச் சத்திரங்களில் குழந்தைகளுக்கு என்ன இடம் இருந்தது? இதற்கு நல்ல சாட்சி ஒன்று இருக்கிறது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-ஆம் ஆண்டு ஆங்கில ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் அது. 1799 ஒப்பந்தத்தில் நாட்டின் நிர்வாகம் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. ராமேஸ்வரம் போகும் வழியில் முன்னோர் கட்டிய சத்திரங்களும் அவற்றுக்கு விட்ட கிராமங்களும் தன் பொறுப்பிலேயே இருக்க வேண்டும் என்று மன்னர் மன்றாடுகிறார். அதற்காகவே அங்கே நடப்பதை ஒவ்வொன்றாக எழுதுகிறார்.

வழிப்போக்கர் எல்லாருக்கும் சோறு. சமைத்த சோறு வேண்டாம் என்பவருக்கு அரிசியும் மளிகையும். நடு ராத்திரியில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது உண்டா என்று கூப்பிட்டு, அவர்களுக்கும் போட வேண்டும். குழந்தைகளுக்குப் பால். கர்ப்பிணி வந்து அங்கேயே பிரசவம் ஆனால் செலவு சத்திரத்தைச் சேர்ந்தது, பிறகு 3 மாதம் வரை தங்கலாம். நோய்க்கும் விஷக்கடிக்கும் வைத்தியம் பார்க்க ஒருவர் இருப்பார். அநாதைப் பிள்ளைகளை அங்குள்ள உபாத்தியாயரிடம் ஒப்படைத்து, மூன்று வேளை சோறு போட்டு, நாலு நாளுக்கு ஒரு முறை எண்ணெய் தேய்த்துவிட்டுப் படிக்க வைப்பார்கள்.

அரசை இழந்த ஒருவர் எதையெல்லாம் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார் பாருங்கள். அந்தப் பட்டியலில் குழந்தையின் பாலும் இருக்கிறது. ஒரத்தநாட்டில் அவர் காலத்தில் எழுந்த முத்தாம்பாள் சத்திரத்தை வழியில் பார்த்தால் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

சத்திரத்தை நான் சொர்க்கமாகக் காட்டவில்லை. சோறு எல்லாருக்கும் உண்டு என்றாலும் பல இடங்களில் பந்தி சாதிக்கொன்றாக இருந்தது. சில சத்திரங்கள் ஒரு சாதிக்கு மட்டுமே கதவு திறந்தன. 1904-ல் காசிக்குப் போன பெரியார் பசியோடு சத்திரத்துக்குள் நுழையப் பார்த்துத் தடுக்கப்பட்டார் என்பது அவர் வாழ்க்கை வரலாற்றில் முக்கியமான இடம். காசு கொடுத்தால் யாருக்கும் அறை என்ற லாட்ஜ் வந்தது, அந்த வகையில் ஒரு விடுதலை.

அந்த விடுதலையில் குழந்தை காணாமல் போனதும் உண்மை. 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து நம் வாலாஜா ரோடு வரை ரயில் ஓடியது. நாள்கணக்கில் போன பயணம் மணிக்கணக்கில் சுருங்கியது. நடுவழியில் தங்க வேண்டிய தேவை குறைந்தது. முசாபர் பங்களா துரைமாருக்கும் அதிகாரிகளுக்கும் என்று ஆனது. டவுன் லாட்ஜ் பெரும்பாலும் வியாபாரத்துக்கும் கோர்ட்டுக்கும் வந்த ஆண்களை நம்பி நடந்தது. கட்டில், மேஜை, ஆணியில் ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். நள்ளிரவில் அழும் பிள்ளைக்கு யார் பால் காய்ச்சுவது என்ற கேள்வி கணக்கிலேயே இல்லை.

அந்தக் கேள்வியை மறுபடி கொண்டுவந்த ஊர் நம் வேலூர். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய வைத்தியம் சி.எம்.சி. ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயுள்ள பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். வாரக்கணக்கில் தங்க வேண்டும், பிள்ளை நம் சாப்பாட்டைத் தொடாது. அதனால் ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் சமைக்க இடம் உள்ள அறைகள் வந்தன, வங்காளி எழுத்தில் போர்டுகள் வந்தன. பளபளப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு தாய் தன் பிள்ளைக்குக் கஞ்சி வைக்க முடியும். பிள்ளைகளுக்கு ஏற்ற விடுதி என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

வெந்நீர் ஊற்றுள்ள இடங்களுக்குப் போகலாமா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். ஜப்பானில் இத்தகைய விடுதிகள் மிகப் பழமையானவை. 705-ல் தொடங்கிய ஒரு வெந்நீர் ஊற்று விடுதியைத்தான் உலகின் பழைய ஓட்டல் என்று கின்னஸ் குறித்திருக்கிறது. நம் நாட்டில் இமாச்சலப் பிரதேசத்து மணிகரணில் ஊற்று நீரிலேயே அரிசி வேகும். அங்குள்ள குருத்வாராவில் இலவசமாகச் சோறும் தங்க இடமும் கொடுக்கிறார்கள், நம் சத்திரம் போலவே. ஆனால் அரிசி வேகும் நீர் பிள்ளையின் தோலை என்ன செய்யும் என்று யோசியுங்கள். குளிப்பதற்கென்று சூடு தணித்து வைத்திருக்கும் தொட்டிக்கு மட்டும் அழைத்துப் போங்கள். முதலில் உங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் பிள்ளையை வெளியே எடுத்துவிடுங்கள். திருகோணமலைப் பக்கம் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உண்டு, ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் மாறும். அங்கே வாளியில் மொண்டு ஊற்றிக் குளிப்பது வழக்கம். எவ்வளவு ஊற்றுவது என்பது தாயின் கையில் இருக்கிறது.

ஆக, அறை எடுக்கும் முன் போனில் நாலு கேள்வி கேளுங்கள்.

1) ராத்திரி 12 மணிக்குப் பால் காய்ச்சவோ சுடுதண்ணீர் கேட்கவோ முடியுமா?

2) லேட்டாக வந்து சேர்ந்தால் பிள்ளைக்கு இட்லியோ ரசம் சாதமோ கிடைக்குமா?

3) டாக்டரும் மருந்துக்கடையும் எவ்வளவு தூரம்?

4) பால்கனிக் கம்பி நடுவே பிள்ளையின் தலை நுழையுமா? பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் இருக்கிறதா? இருந்தால் அந்த அறையே வேண்டாம். காற்று போக வழியில்லாத இடத்தில் அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

முதல் மூன்றும் நான் புதிதாகச் சொன்னவை அல்ல. பால், நடு ராத்திரி மணி, வைத்தியர் என்று சரபோஜி கடிதத்தில் உள்ளவைதான். அன்று தர்மமாகச் செய்தார்கள், இன்று நாம் காசு கொடுக்கிறோம். கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. நீச்சல் குளம் இருக்கிறதா என்று கேட்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

போய்விட்டு வந்து, எங்கே தங்கினீர்கள், பிள்ளைகளுக்கு எப்படி இருந்தது என்று கீழே எழுதுங்கள். அடுத்த வருஷம் கேட்பவர்களுக்குக் கொடுக்க என்னிடமும் ஒரு பட்டியல் இருக்கும். பேரப்பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.