அயர்லாந்தின் கதை: காஸ்கிரேவின் மகன்

1974 ஜூலை 16. டப்ளின் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு. ஆதரிப்பவர்கள் ஒரு வழியாகவும் எதிர்ப்பவர்கள் இன்னொரு வழியாகவும் நடந்துபோய்த்தான் வாக்கைப் பதிய வேண்டும். யார் எந்தப் பக்கம் போகிறார் என்பது சபை முழுக்கத் தெரியும். திருமணமானவர்களுக்குக் கருத்தடைச் சாதனங்களை விற்க வழிசெய்யும் மசோதா அது. கொண்டுவந்தது பிரதமர் லியம் காஸ்கிரேவின் அரசு. எழுந்த பிரதமர், எதிர்ப்பவர்களின் பக்கம் நடந்தார்!

எப்படி வாக்களிக்கப்போகிறார் என்பதை அதுவரை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவரவர் மனச்சாட்சிப்படி வாக்களிக்கலாம் என்று அவரது ஃபைன் கேல் கட்சி அனுமதித்திருந்தது உண்மைதான். அதற்காக அரசின் தலைவரே அரசின் மசோதாவைக் கவிழ்ப்பார் என்று யார் நினைத்திருப்பார்கள்? 61க்கு 75 என்ற கணக்கில் மசோதா தோற்றது. அடுத்த சட்டம் வர 1979 ஆயிற்று. அந்த ஐந்து ஆண்டுகளின் பாரத்தைச் சுமந்தவர்கள் பெண்கள். தனக்கு இருந்த கத்தோலிக்க மனச்சாட்சியை ஒரு நாட்டுக்கே சட்டமாக்கியது பெரும் பிழை என்றே கருதுகிறேன்.

இந்த அழுத்தக்காரரைப் புரிந்துகொள்ள அவர் பிறந்த வீட்டைப் பார்க்க வேண்டும். தந்தை வில்லியம் காஸ்கிரேவ், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியில் துப்பாக்கி ஏந்தியவர். மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு அது ஆயுள் சிறையாகக் குறைக்கப்பட்டது. 1922இல் சுதந்திர அரசின் தலைவரானார். உள்நாட்டுப் போரில், நேற்றுவரை தோழர்களாக இருந்தவர்களில் 77 பேரை அவரது அரசு சுட்டுக்கொன்றது. எதிர்த் தரப்பு 1923 ஜனவரியில் அவர் வீட்டைக் கொளுத்தியது. அப்போது லியமுக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை. 1932 தேர்தலுக்குப் பின் அதே தந்தை, போரில் எதிரணியில் நின்ற டி வலேராவிடம் ஆட்சியை அமைதியாக ஒப்படைத்தார். அரசு என்பது கட்சிக்கும் பகைக்கும் மேலானது என்ற பாடத்தை மகன் படித்தது அந்த வீட்டில்தான்.

1943இல், 23 வயதில், லியம் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். சிறிது காலம் தந்தையும் மகனும் ஒரே சபையில் உறுப்பினர்கள். 1954இல் வெளியுறவு அமைச்சரானார். அடுத்த ஆண்டே அயர்லாந்து ஐ.நா.வில் சேர்ந்தது. 1965இல் கட்சித் தலைமை கைக்கு வந்தது. தந்தை அதைக் கண்ணால் பார்த்துவிட்டு, அவ்வருடமே காலமானார்.

1970 மே மாதம், காவல்துறையின் தாளில் எழுதப்பட்ட, அனுப்பியவர் பெயரில்லாத ஒரு குறிப்பு லியமின் கைக்குக் கிடைத்தது. வட அயர்லாந்துக்காக ஆயுதம் கடத்தும் சதியில் அமைச்சர்களுக்கே பங்கு இருப்பதாக அது சொன்னது. எதிர்க்கட்சித் தலைவருக்கு இதைவிடப் பெரிய அஸ்திரம் கிடைக்குமா? சபையில் வீசியிருந்தால் ஆட்சியே ஆடிப்போயிருக்கும். அவரோ மே 5 மாலை பிரதமர் ஜாக் லிஞ்சை நேரில் சந்தித்து அதைக் கொடுத்தார். விடிவதற்குள் சார்லஸ் ஹாஹி, நீல் பிளேனி என்ற இரண்டு பெரிய அமைச்சர்களின் பதவி பறிபோனது. நீதிமன்றம் பிறகு ஹாஹியை விடுதலை செய்தது, அது தனிக்கதை. அந்த மாலை லியம் நடந்துகொண்ட விதம் என்னை இன்றும் மதிக்க வைக்கிறது.

சொந்தக் கட்சிக்குள் அவருக்கு நிம்மதி இல்லை. குதிரையும் நரி வேட்டையும் அவருக்கு உயிர். 1972 மாநாட்டில் தன்னை முதுகில் குத்துபவர்களை நரிகள் என்றே சாடினார். அந்த ஆண்டு டிசம்பரில், ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ.வை ஒடுக்கும் கடுமையான மசோதாவை அரசு கொண்டுவந்தது. எதிர்க்கட்சித் தலைவரான இவர் ஆதரிக்க விரும்ப, கட்சியோ எதிர்த்து நின்றது. தலைமை பறிபோகும் நிலை. விவாதம் நடந்துகொண்டிருந்தபோதே டப்ளினில் குண்டுகள் வெடித்து இருவர் இறந்தார்கள். கட்சி பின்வாங்கியது. மூன்றே மாதத்தில், 1973 மார்ச்சில், தொழிலாளர் கட்சியுடன் கூட்டணி அமைத்துப் பிரதமரானார்.

வட அயர்லாந்தில் இரு சமூகங்களும் அதிகாரத்தைப் பகிர வழிசெய்த சன்னிங்டேல் உடன்பாட்டில் அவருக்கும் பங்கு உண்டு. 1974 மே மாதம், பிரிட்டனோடு இருக்க விரும்பிய யூனியனிஸ்டுகளின் வேலைநிறுத்தம் அதை முறித்தது. மே 17 அன்று டப்ளினிலும் மோனகனிலும் வெடித்த குண்டுகள் 33 பேரைக் கொன்றன. அரசைக் காப்பதே முதல் வேலை என்ற அவரது எண்ணம் அதன்பின் இன்னும் இறுகியது.

1976 ஜூலையில் பிரிட்டிஷ் தூதரை ஐ.ஆர்.ஏ. கண்ணிவெடி வைத்துக் கொன்றது. அரசு நெருக்கடி நிலையை அறிவித்து, ஏழு நாள்வரை ஒருவரைக் காவலில் வைக்கும் மசோதாவை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் கரல் ஓ டாலி முன்னாள் தலைமை நீதிபதி. கையெழுத்திடுவதற்கு முன் அதை உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பினார். அரசியல் சட்டம் அவருக்குத் தந்த உரிமை அது. நீதிமன்றம் செல்லும் என்றதும் கையெழுத்தும் போட்டார்.

இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 18 அன்று, முல்லிங்கர் ராணுவ முகாமில் பேசிய பாதுகாப்பு அமைச்சர் பேடி டோனகன், நாட்டுக்கே மகா அவமானம் என்ற பொருளில் குடியரசுத் தலைவரைத் திட்டினார். எதிரே நின்ற படைவீரர்களின் தலைமைத் தளபதியே அந்தக் குடியரசுத் தலைவர்தான்! டோனகன் மன்னிப்புக் கேட்டார். பதவி விலகவும் முன்வந்தார். பிரதமர் ஏற்கவில்லை. அமைச்சரை நீக்கக் கோரிய தீர்மானத்தை 58க்கு 63 என்று தோற்கடித்தார்கள். மறுநாள் ஓ டாலி பதவியைத் துறந்தார், அந்தப் பதவியின் கண்ணியத்தைக் காப்பதற்காக என்று சொல்லி.

கருத்தடை மசோதாவின்போது தன் அரசையே தோற்கடிக்கத் தயங்காதவர், ஆயுதச் சதியின்போது எதிரியின் அரசுக்குக்கூட முறை தவறாதவர், இங்கே அரசின் முதல் பதவியை விட்டுக்கொடுத்து ஓர் அமைச்சரைக் காப்பாற்றினார். அந்த மசோதாவில் நம்பிக்கையாவது இருந்தது. இதில் கட்சிப் பாசத்தைத் தவிர எதுவும் எனக்குத் தென்படவில்லை. அவரது வாழ்க்கையில் நான் மன்னிக்க முடியாத இடம் இதுதான்.

1977 ஜூன் தேர்தலில் எதிர்க்கட்சியான ஃபியானா ஃபாயில் 84 இடங்களை அள்ளியது. லியம் உடனே கட்சித் தலைமையை விட்டு விலகினார். அடுத்து வந்தவர் கேரட் ஃபிட்ஸ்ஜெரால்ட். இவரது தந்தையும் வில்லியம் காஸ்கிரேவின் அமைச்சரவையில் இருந்தவர். 1981இல் லியம் தேர்தல் அரசியலிலிருந்தே ஓய்வு பெற்றபோது, டன் லேரி தொகுதியில் வென்று சபைக்கு வந்தவர் அவருடைய மகன். அவர் பெயரும் லியம்தான்.

(தொடரும்)