காயல் அடுப்பில் ஜாவா மீ

பினாங்கிலிருந்து தாய்மாமா வந்துவிட்டார் என்பதை எங்கள் காயல்பட்டின வீட்டில் இரண்டு மணங்கள் அறிவிக்கும். பெட்டியைத் திறந்ததும் எழும் சாம்பிராணி மணம் ஒன்று. அன்றிரவு அடுப்பங்கரையில் வெங்காயமும் பூண்டும் மிளகாயும் எண்ணெயில் வதங்கும் மணம் மற்றொன்று. இந்த இரண்டாவது மணத்திற்குரிய பண்டத்தை நாங்கள் ‘ஜாவா மீ’ என்றழைத்தோம். மலேயாவிலிருந்து வந்த அந்நியப் பண்டம் என்றே தெருவார் அதனைக் கருதினர். நெடுங்காலம் நானும் அவ்வாறே கருதினேன். கிதாபுகளிலும் பழைய பயணக் குறிப்புகளிலும் சிறிது பழகிய பின்னரே அந்தச் சட்டிக்குள் யார் யார் கை பட்டிருக்கிறது என்பது எனக்கு விளங்கியது.

பெயரிலிருந்தே தொடங்குவோம். ‘மீ’ என்பது தென்சீனத்து ஹொக்கியன் மக்களின் சொல்; கோதுமை மாவை நூலாக இழுத்துச் செய்த பண்டத்தைக் குறிக்கும். ‘கோரேங்’ என்றால் மலாய் மொழியில் வறுத்தல், பொரித்தல். இனி, ‘ஜாவா’. இச்சொல்லைக் கேட்டதும் இன்றைய இந்தோனேசியாவின் அந்த ஒரு தீவை மட்டும் நினைத்துவிடலாகாது. அரபுகள் கீழைக்கடல் தீவுகள் பலவற்றையும் ‘ஜாவா’ என்றே வழங்கினர். இப்னு பதூதா அப்பெயரால் சுட்டுவது சுமத்ராவை. மாமாவின் பெட்டியில் மணத்த சாம்பிராணிக்கு அரபியில் ‘லுபானுல் ஜாவி’ என்று பெயர். அதுவும் சுமத்ராவில் மிகுதியாக விளைவதே. தமிழில் மணிமேகலை காலந்தொட்டே ‘சாவகம்’ என்ற பெயர் உண்டு. அரபு எழுத்தில் எழுதப்பட்ட மலாய்க்கு ‘ஜாவி’ என்று பெயர். நம் அரபுத்தமிழுக்கு உடன்பிறப்பு என்றே அதனைச் சொல்லலாம். தமிழ் முஸ்லிம் ஆடவர்க்கும் மலாய்ப் பெண்டிர்க்கும் பிறந்த வழியினர் ‘ஜாவி பெரானாக்கான்’ எனப்பட்டனர். 1876-இல் சிங்கப்பூரில் தொடங்கிய முதல் மலாய்ச் செய்தித்தாளின் பெயரும் அதுவே.

நம் கரைக்கும் அக்கரைக்கும் உள்ள உறவு பினாங்கோடு பிறந்ததன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு வியந்த காயல் துறைமுகம், குதிரைக்கும் முத்துக்கும் பெயர்பெற்றிருந்தது. 1409ஆம் ஆண்டினைத் தாங்கிய காலிக் கல்வெட்டு, சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் பயணத்தில் இலங்கையில் நாட்டப்பட்டது. அதிலுள்ள மொழிகள் மூன்று: சீனம், தமிழ், பாரசீகம். செங் ஹோவும் முஸ்லிம். அவருடன் சென்று ஜாவாவைக் கண்டெழுதிய மா ஹுவானும் முஸ்லிம். மேற்கிலிருந்து வந்த முஸ்லிம்கள், சீனர், மண்ணின் மக்கள் என மூவகையினர் அங்கு வாழ்ந்ததாக மா ஹுவான் குறிக்கிறார். மலாக்காவிலோ வணிகர்க்கெனத் துறைத்தலைவர் நால்வர் இருந்ததைப் போர்த்துகீசியரான தோமே பீரிஸ் 1512-க்கும் 1515-க்கும் இடையில் எழுதினார். குஜராத்தியர்க்கு ஒருவர், சோழமண்டலக் கரையார்க்கும் வங்காளியர்க்கும் பெகு, பாசை நாட்டார்க்கும் ஒருவர், ஜாவா முதலிய தீவினர்க்கு ஒருவர், சீனர்க்கு ஒருவர். மீ, அதற்கு வேண்டிய பனைவெல்லம், அதனை வதக்கும் கை ஆகிய யாவும் ஒரே துறைமுகத்தில் கூடியிருந்தன.

மிளகாய் மட்டும் அப்போது இல்லை. அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய அதனை ஆசியாவிற்குக் கொண்டுவந்தவை போர்த்துகீசியரின் கப்பல்கள். 1511-இல் மலாக்காவைப் பறித்தவர்களும், 1538-இல் மண்டபத்தை அடுத்த வேதாளையில் கள்ளிக்கோட்டை மரைக்காயர்களின் கப்பற்படையை முறியடித்தவர்களும், முத்துக்குளித்துறையில் ஆதிக்கம் செலுத்தியவர்களும் அவர்களே. நம் வாணிகத்தைக் கெடுத்த அதே கை நம் அம்மியில் மிளகாயையும் வைத்துச் சென்றது. பகைவரின் கொடையை நாம் ஒருநாளும் மறுத்ததில்லை. அதுவும் இவ்வளவு காரமாக!

சீனர் சட்டியிலிருந்த மீ முஸ்லிம் வீட்டு அடுப்புக்கு எவ்வாறு வந்தது என்பதே எனக்கு முதன்மையான கேள்வி. சீனர் அதனைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவர். ஷாஃபிஈ மத்ஹபில் அது கடும் நஜீஸ். அது பட்ட பாத்திரத்தை ஏழு முறை, அவற்றுள் ஒருமுறை மண் கலந்த நீரால், கழுவியாக வேண்டும். ஜாவாவினரும் நம் கடற்கரையினரும் ஒரே மத்ஹபினர். பொன்னானி ஸைனுத்தீன் மக்தூம் 16ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘ஃபத்ஹுல் முஈன்’ நம் மதரஸாக்களிலும் ஓதப்படுகிறது, ஜாவாவின் பெஸந்திரன்களிலும் ஓதப்படுகிறது. ஆகவே இரு கரையிலும் சட்டம் ஒன்றே: மீயை ஏற்கலாம், கொழுப்பையும் சட்டியையும் மாற்றியாக வேண்டும். ஷாஃபிஈகளுக்கு இறாலும் கணவாயும் தடையின்றி ஹலால் என்பதால் சட்டியில் சேர்ப்பதற்குப் பொருளுக்கும் பஞ்சமில்லை. (ஹனஃபி சகோதரர்களிடையே இறால் மீனா அன்றா என்னும் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.)

1786-இல் பினாங்கும் 1819-இல் சிங்கப்பூரும் ஆங்கிலேயர் கைக்கு வந்தபின், நம்மவர் அங்கு பெருகினர். பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளி 1801-இல் எழுந்தது. கடையநல்லூர், தென்காசி, இராமநாதபுரத்துக்காரர்கள் தெருவோரங்களில் உணவுக்கடை வைத்தனர். மலாய்க்காரர் ‘மாமாக்’ என்று அழைக்கும் அவர்களின் மீ கோரேங் தனி வகை. சீனரின் மஞ்சள் மீயோடு அவித்த உருளைக்கிழங்கு, தவுக்கே என்னும் முளைப்பயறு, சோயாக்கட்டி, கணவாய்ச் சம்பல் ஆகியவற்றைச் சேர்த்து, மிளகாய் விழுதும் தக்காளிச் சாஸும் ஊற்றிப் பெருந்தீயில் புரட்டுவர். நிறம் சிவப்பு. எலுமிச்சையைப் பிழிந்து உண்பர்.

ஜாவாவின் முறை வேறு. சிறுவெங்காயம், பூண்டு, வெண்மிளகு, ‘கெமிரி’ என்னும் எண்ணெய்க் கொட்டை, மிளகாய் ஆகியவற்றை அரைத்து வதக்கி, முட்டை ஊற்றிக் கிளறி, கோசும் கீரையும் மீயும் இட்டு, ‘கெச்சப் மானிஸ்’ ஊற்றுவர். நிறம் கறுப்பு. கெச்சப் மானிஸ் என்பது வேறொன்றுமில்லை. சீனரின் சோயாச்சாறு உப்புக் கரிக்கும். ஜாவாவினர் அதில் தம் பனைவெல்லத்தைக் காய்ச்சிச் சேர்த்துக்கொண்டனர். ‘கெச்சப்’ என்ற சொல்லும் சீனத்ததே என்பர். ஆங்கிலேயர் அதனைக் கொண்டுபோய்த் தக்காளிக்குச் சூட்ட, பினாங்குக் கடையில் அது சிவப்புப் புட்டியாகத் திரும்பிவந்தது.

இனி எங்கள் உம்மா. அவர் தூத்துக்குடியைத் தாண்டி வடக்கே போனவரல்லர். எங்கள் ஊரில் மணமான பெண் தாய்வீட்டிலேயே இருப்பாள். கடல்கடந்து போவதும் வருவதும் ஆண்கள்தாம். மாமா கொண்டுவந்தவை உலர்ந்த மீக்கட்டும் ஒரு புட்டி சோயாச்சாறும். முதன்முறை அதனை ஊற்றிச் செய்தபோது உப்பு தாங்கவில்லை. மறுமுறை உம்மா உடன்குடிக் கருப்பட்டியைப் பாகு காய்ச்சி அதில் கலந்தார். கொட்டைக்கு முந்திரிப்பருப்பை அரைத்தார். வாசனைக்குக் கூனிப்பொடி சேர்த்தார். மீ தீர்ந்துபோன மாதங்களில் காலையில் மிஞ்சிய இடியாப்பத்தையே உதிர்த்துப் போட்டார்.

மாமா தட்டைப் பார்த்து, “லாத்தா, பினாங்கு மீ சிவப்பால்ல இருக்கும்? இது கறுத்துப்போய்க் கெடக்கே!” என்பார்.

“அப்ப பினாங்குலயே போய்த் தின்னு” என்பார் உம்மா.

வரலாற்றை வைத்துப் பார்த்தால் உம்மாவின் பக்கமே நியாயம். ஜாவாவின் அடுப்புகளில் யாரோ ஒரு பெண் சோயாச்சாற்றின் உப்பை அடக்கப் பனைவெல்லத்தைத் தேடிய அதே வழியில், ஜாவாவைப் பாராத ஒரு காயல் பெண்ணும் கருப்பட்டியைத் தேடினார். நம் வாணிக வரலாற்றை எழுதியோர் கப்பலையும் முத்தையும் பள்ளிவாசல்களையும் எழுதினர். கரையில் இருந்தோரின் கைத்திறனை எழுதவில்லை. நானும் உம்மாவிடம் அளவு கேட்டு எழுதிவைக்கவில்லை. என் இளைய தங்கை பார்த்துப் பழகியதால் முறை மட்டும் தப்பியது.

அவள் செய்யும்போது கவனித்தேன். விழுதின் பச்சைவாடை போய் எண்ணெய் பிரியும்வரை காத்திருக்கிறாள். முட்டையை ஓரமாக ஊற்றி உறையவிடுகிறாள். மீயை அரைவேக்காட்டில் வடித்து, ஈரம் போன பின்னரே சட்டியில் இடுகிறாள். கருப்பட்டிப் பாகை இறுதியில்தான் ஊற்றுகிறாள். முன்னரே ஊற்றினால் அடிப்பிடித்துக் கசக்குமாம். பாகைத் துணியில் வடிகட்டத் தவறுவதில்லை, கருப்பட்டியில் எப்படியும் கொஞ்சம் மணல் இருக்கும்.